கடைக்குள் எழும் இடைத்தளம்: அனுமதி, ஆபத்து, பரிகாரம்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி ஆகிய ஊர்களிலும், வாவி சூழ்ந்த புளியந்தீவின் கடைத்தெருக்களிலும் காணி அகலமாக விரிய இடமில்லாதபோது, கடையின் உயரமே எஞ்சிய இடமாகிறது. நிலத்துக்கும் கூரைக்கும் இடையே இரும்புத் தூண்களையும் உத்தரங்களையும் நிறுத்தி, அவற்றின்மேல் பலகையோ கொங்கிறீட்டோ இட்டு, கட்டிடத்தின் முழுப் பரப்பையும் மூடாமல் ஒரு பகுதியில் மட்டும் அமைக்கும் தளமே இடைத்தளம் அல்லது மெசனைன் எனப்படுகிறது. அது புறச்சுவரை மாற்றுவதில்லை, வீதியில் நிற்பவருக்குத் தெரிவதுமில்லை. ஆகவே அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்று கருதுவது எளிது. அக்கருத்து சட்டப்படி தவறானது. அந்தத் தவற்றின் விளைவு பெரும்பாலும் தளத்தைக் கட்டுவித்த உரிமையாளரை விடுத்து, அதன்மேல் உறங்கும் ஊழியரையும் கீழே நிற்கும் வாடிக்கையாளரையும் சென்றடைகிறது என்பதே இவ்விடயத்தை வெறும் அலுவலகச் சடங்காகக் கொள்ளக் கூடாமைக்குக் காரணம்.

இலங்கையில் கட்டிட அனுமதிக்கு அடிப்படையாக இரண்டு சட்டங்கள் உள்ளன. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், உள்ளூராட்சி சபையின் எழுத்துமூல அங்கீகாரமின்றிப் புதிய கட்டிடம் எழுப்புவதை மட்டுமன்றி, இருக்கும் கட்டிடத்தில் மாற்றம் செய்வதையும் தடுக்கிறது. அறையோ வேறு அமைப்போ சேர்ப்பதும், காற்றோட்டத்தைப் பாதிக்குமாறு உட்புற அமைப்பை மாற்றுவதும் அந்த மாற்றத்துள் அடங்கும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும், அதற்கு 1982இல் செய்யப்பட்ட திருத்தமும், அபிவிருத்திப் பகுதி எனப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் அனுமதிப்பத்திரமின்றி எந்த அபிவிருத்தி வேலையும் செய்யலாகாது என விதிக்கின்றன. அச்சட்டத்தின் பொருள்கோடலில் அபிவிருத்தி வேலை என்பது கட்டுமானத்தோடு நிற்பதில்லை; கட்டிடத்தின் பயன்பாட்டை மாற்றுவதும் அதனுள் அடங்குகிறது. எனவே கடையாக அங்கீகரிக்கப்பட்ட கட்டிடத்தின் மேற்பாதியைக் களஞ்சியமாகவோ தங்குமிடமாகவோ ஆக்குபவர், ஒரு செங்கல்லைக்கூட வைக்காவிட்டாலும், சட்டத்தின் பார்வைக்குள் வந்துவிடுகிறார்.

வாவிக்கரையிலும் கடற்கரையிலும் உள்ள காணிகளுக்கு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் மேலும் ஒரு வரம்பை இடுகிறது. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் விரிகிறது; கடலோடு இணைந்த வாவி, ஆறு போன்ற நீர்நிலைகளில் அவ்வெல்லை முகத்துவாரத்திலிருந்து 2 கிலோமீற்றர் வரை உள்நோக்கிச் செல்கிறது. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையில் நாவலடியும் கல்லடியும் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த வரம்பின் தேவையை விளக்க வேண்டியதில்லை. வலயத்துக்குள் காணி உள்ளவர்கள் சபையின் அங்கீகாரத்தோடு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் இசைவும் தேவையா என்பதை வேலை தொடங்குமுன் எழுத்தில் கேட்டறிவது நல்லது.

சட்டத்தைவிட இங்கு அதிகம் பேச வேண்டியது பாரம் பற்றியது. குடியிருப்பு அறையின் தளம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிலோகிராம் வரையான பயன்பாட்டுப் பாரத்தைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுவது பொறியியல் வழக்கம். கடைக்கு அது 400 கிலோகிராம் அளவுக்கு உயர்கிறது. களஞ்சியத்துக்கோ அடுக்கின் உயரத்துக்கேற்பக் கூடிக்கொண்டே போகிறது. 50 கிலோ அரிசி மூட்டைகளைச் சதுர மீற்றருக்குப் பத்து என்று அடுக்கினாலே 500 கிலோகிராம் சேர்ந்துவிடும். அறையை மனத்தில் வைத்து உருக்கு வேலைக்காரர் அமைத்த தளத்தில் சில மாதங்களுக்குப் பின் மூட்டைகள் ஏறும்போது, அத்தளம் தன் வடிவமைப்பைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரத்தைச் சுமக்கிறது. அந்தப் பாரம் முழுவதும் நான்கு அல்லது ஆறு தூண்களின் வழியே நிலத்தில் இறங்குகிறது. ஒற்றைத் தளக் கடைக்கென இடப்பட்ட ஆழமற்ற கருங்கல் அத்திவாரமும், மாபிள் பதித்த மெல்லிய தரையும் அதற்கென அமைந்தவையல்ல. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் மாரி காலத்தில், தனித் தூணின் அடி சிறிது இறங்கினாலும் உத்தரத்தின் இணைப்புகள் விலகத் தொடங்கும். உப்புக் காற்று இரும்பைத் தின்பதும் இப்பகுதிக்கே உரிய இடர். தரையோடு சேரும் தூணின் அடியும் வெல்டிங் செய்த இணைப்பும் முதலில் துருப்பிடிக்கும் இடங்கள், ஆனால் அவையே தரைஓட்டின் பின்னும் பலகையின் பின்னும் மறைக்கப்படுகின்றன.

தலை முட்டாமல் நடப்பதற்காகக் கூரைச் சட்டகத்தின் குறுக்கு மரத்தை அறுத்துவிடுவது இன்னொரு கேடு. இருபக்கச் சாய்வுக் கூரை வெளிநோக்கித் தள்ளும் விசையைக் கட்டிப்பிடித்திருப்பது அந்தக் குறுக்கு மரமே. அது போனால் சுவர் மெல்லச் சாயும், பெருங்காற்றில் கூரை பெயரும். 1978 நவம்பர் 23இன் சூறாவளியைக் கண்ட மாவட்டத்தில் இந்தத் தவறு மன்னிக்கத் தக்கதல்ல.

தீயின் ஆபத்து இதனினும் கொடியது, ஏனெனில் புகை மேலேறும், இடைத்தளத்தில் இருப்பவருக்கோ பெரும்பாலும் ஒரே ஒரு குறுகிய படிக்கட்டு. கராச்சியின் பல்தியா பகுதியில் இருந்த அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் 2012 செப்டெம்பர் 11ஆம் திகதி 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அத்தீ வேண்டுமென்றே மூட்டப்பட்டது என 2020இல் நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும் அத்தனை உயிர்கள் போனதற்கு, கம்பியடித்த சன்னல்களும் பூட்டிய வாசல்களும் கட்டிடத்துக்குள் அமைந்திருந்த மரத்தாலான இடைத்தளமும் காரணங்களாயின. தீயை எவர் மூட்டினாலும் தப்பும் வழியைத் தீர்மானிப்பது கட்டிடமே. வரைபடத்தைப் பரிசீலிக்கும் அலுவலர் இரண்டாவது வெளிவழியைக் கேட்பது இதனாற்றான்.

அனுமதி பெறும் வழி கடினமானதல்ல. மட்டக்களப்பு மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகள், அல்லது உரிய பிரதேச சபையில் விண்ணப்பப் படிவத்தைப் பெற்று, காணி உறுதி, நில அளவைப் படம், தகுதி பெற்றவர் வரைந்த கட்டிட வரைபடம், இடைத்தளத்துக்கான பொறியியலாளரின் பாரக் கணிப்பு ஆகியவற்றோடு கையளிக்க வேண்டும். வரைபடத்தில் அத்தளத்தின் பயன்பாட்டை உள்ளபடி எழுதுவது முக்கியம். வாடகைக்கு இருப்பவர் உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தையும், சபைக்குச் சொந்தமான சந்தைக் கடையில் இருப்பவர் சபையின் சம்மதத்தையும் முதலில் பெற வேண்டும். வேலை முடிந்தபின், அங்கீகரித்த வரைபடத்துக்கு அமையவே கட்டப்பட்டது என்பதை உறுதிசெய்யும் இணக்கச் சான்றிதழைப் பெறாமல் அவ்விடத்தைப் பயன்படுத்தலாகாது. இந்தக் கடைசிப் படியே பெரிதும் மறக்கப்படுகிறது. சோலை வரி கூடும் என்ற அச்சத்தில் தளத்தை மறைப்பவர்கள், விபத்தின்போது காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதற்கேள்வி அனுமதியைப் பற்றியதாகவே இருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அனுமதியின்றிக் கட்டியவருக்கும் உரிமைகள் உண்டு. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின்படி, வேலையை நிறுத்துமாறோ பழைய நிலைக்குக் கொண்டுவருமாறோ முதலில் எழுத்தில் அறிவித்தல் தரப்பட வேண்டும். அதற்கு இணங்காதபோது நீதவான் நீதிமன்றத்தின் கட்டளை பெற்றே இடிக்க முடியும். அதிகாரி ஒருவர் வாய்மொழியாக மிரட்டுவது அறிவித்தல் ஆகாது. விதிகளுக்குப் பொருந்தக்கூடிய தளமாயின், மேலதிகக் கட்டணம் செலுத்திப் பின்னேற்பு அங்கீகாரம் கோரவும் வழியுண்டு.

விண்ணப்பம் காரணமின்றிக் கிடப்பில் போடப்பட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோப்பின் நிலையைக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். கடமையைச் செய்யுமாறு பணிக்கும் எழுத்தாணையை, உள்ளூராட்சி விடயங்களில் மாகாண மேல் நீதிமன்றத்திடமும், ஏனையவற்றில் மேன்முறையீட்டு நீதிமன்றத்திடமும் கோரலாம். கையூட்டுக் கேட்கப்பட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். பாதுகாப்பற்ற தளத்தில் வேலை செய்யவோ உறங்கவோ பணிக்கப்படும் ஊழியர் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். காயமுற்றால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நட்டஈடு கோரலாம். அயல்கடைக்காரர் பொதுச்சுவரில் வெடிப்பைக் கண்டால், சபைக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தோடு ஒரு பிரதியை வைத்திருப்பது அவசியம்.

ஏற்கெனவே இடைத்தளம் அமைத்துவிட்ட கடைக்காரர்கள் பொறியியலாளர் ஒருவரை அழைத்து அதன் தூண்களையும் இணைப்புகளையும் பரிசோதிப்பித்து, சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பரிசோதனை முடியும் வரை அங்கே மூட்டைகளை ஏற்றவோ எவரையும் இரவில் உறங்க வைக்கவோ வேண்டாம்.