கண்ணாடிக்கு அப்பால்

இந்திரவிழா முடிந்த மறுநாள் வல்வெட்டித்துறை ஒருவகை இன்பக் களைப்போடு கிடக்கும். முத்துமாரி அம்மனின் தீர்த்தத்தையும், சித்திரா பௌர்ணமி இரவில் வீதியெங்கும் ஒளிர்ந்த விளக்குகளையும், மேடைக்கு மேடை முழங்கிய மேளத்தையும் பாட்டையும் கண்டு களித்த சனங்கள், பகல் முழுவதும் உறங்கிவிட்டுப் பொழுது சாயும் வேளையிலேதான் விறாந்தைக்கு வருவார்கள். அத்தகைய மாலையொன்றில், எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு வாதம் நடந்தது. அது அரசியலைப் பற்றியதன்று. காணி எல்லையைப் பற்றியதுமன்று. 1967ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட ஒரு விஞ்ஞானக் கற்பனைக் கதையைப் பற்றியது.

வாதிட்டவர் இருவர். ஒருவன் என் மகன்; இங்கேயே பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பிப்பவன். மற்றவன் என் தம்பியின் மகன். லண்டனில் பிறந்து, திருவிழாவுக்காக முதன்முறையாக இவ்வூருக்கு வந்தவன். இருவருக்கும் மூன்றே மாத வித்தியாசம். முகத்தைப் பார்த்தால் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்றே தோன்றும். லண்டன் பிள்ளைக்குத் தாடி உண்டு. என் மகனுக்கு இல்லை. வேறுபாடு அவ்வளவுதான் என்று அன்று மாலைவரை நான் எண்ணியிருந்தேன்.

முதல் இரண்டு நாள்களும் இருவருக்குமிடையே பேச்சு ஒட்டவில்லை. ஒருவனுடைய தமிழ் தயங்கியது. மற்றவனுடைய ஆங்கிலம் கூசியது. பிறகு எப்படியோ 'ஸ்டார் டிரெக்' என்ற பெயர் வாயில் வந்தது. அன்றிலிருந்து இருவரையும் பிரிக்க முடியவில்லை.

"பெரியப்பா, நீங்களும் வந்து பாருங்கோ" என்று லண்டன் பிள்ளை மடிக்கணினியைத் திறந்து வைத்தான். என் தாய்மாமனும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். எண்பதைக் கடந்த அவர், இளமையிலே வணிகக் கப்பல்களில் உலகைச் சுற்றியவர். என் மனைவி தேத்தண்ணீரோடு வந்து அப்படியே நின்றுவிட்டாள்.

கதை இதுதான். 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கப்பலின் தலைவன் கேர்க், ஹால்கன் என்ற மக்களிடம் அரியதொரு படிகத்தைத் தோண்டியெடுக்க அனுமதி கேட்கிறான். அதனால் ஓர் உயிரேனும் போய்விடலாம் என்று அவர்கள் மறுக்கிறார்கள். அவனும் அந்த மறுப்பை மதித்துக் கப்பலுக்குத் திரும்புகிறான். அவ்வேளை வீசிய விண்புயல் ஒன்றினால் அவனும் வைத்தியரும் பொறியியலாளரும் தொடர்பு அதிகாரியான உஹூராவும் தம் கப்பலுக்கு வராமல், அதே பெயருடைய இன்னொரு கப்பலுக்குப் போய்ச் சேர்கிறார்கள். அது வேறொரு பிரபஞ்சம். அங்கே அதே மனிதர், அதே முகம். ஆனால் ஒவ்வொருவர் இடையிலும் கத்தி. மேலதிகாரியைக் கொன்றவனுக்கே பதவியுயர்வு. பகைவனைச் சுவடே இல்லாமல் மறையச் செய்யும் விசையொன்று தலைவனின் அறையிலே இருக்கிறது. படிகத்தைத் தர மறுத்த ஹால்கன்களை அழித்துவிடு என்பதே அங்குள்ள கட்டளை. கேர்க்கின் அருமைத் துணைவனான ஸ்பொக்கும் அங்கே இருக்கிறான், ஆனால் தாடியோடு!

"அப்ப தாடி வைச்சவையெல்லாம் பொல்லாதவையோ?" என்று என் மனைவி லண்டன் பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள். விறாந்தையே சிரித்தது.

ஜெரோம் பிக்ஸ்பி என்பவர் எழுதிய இக்கதையின் பெயர் 'மிரர், மிரர்'. கண்ணாடியை விளித்துக் கேட்கும் பாவனையில் அமைந்தது. 1967 ஒக்டோபர் 6ஆம் திகதி என்.பி.சி. நிறுவனம் இதனை ஒளிபரப்பியது. மறுவருடம் ஹியூகோ விருதின் நாடகப் பிரிவுக்கு ஐந்து ஆக்கங்கள் முன்மொழியப்பட்டன. ஐந்தும் ஸ்டார் டிரெக் கதைகளே. அவற்றுள் இதுவும் ஒன்று. ஆயினும் அத்தொடர் அன்று பிழைத்தது விருதுகளால் அன்று, இரசிகர்களால். தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும், டிரிம்பிள் என்னும் தம்பதியர் முன்னின்று கடித இயக்கமொன்றை நடத்தினார்கள். நாடெங்கிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன. 1968 மார்ச் 1ஆம் திகதி, தொடர் நீடிக்கும் என்று அந்நிறுவனம் தொலைக்காட்சியிலேயே அறிவிக்க நேர்ந்தது. மறுவருடம் தொடர் நின்றுபோயிற்று. பேச்சு நிற்கவில்லை. 1972இல் நியூயோர்க்கில் கூடிய முதல் பெரிய மாநாட்டுக்கு மூவாயிரம் பேருக்கு மேல் வந்தார்களாம்.

இதைக் கேட்டு நான் வியப்படையவில்லை. வடமராட்சியிலே விடிய விடியக் காத்தவராயன் கூத்தைப் பார்த்துவிட்டு, அவன் கழுவேற வேண்டியவன்தானா என்று மறுநாள் முழுவதும் தேநீர்க்கடையில் வாதாடிய தலைமுறை எங்களுடையது. கதை முடிந்த பின்னும் அதை விட்டு எழுந்து போக மனமில்லாதவனே இரசிகன். அவன் எந்த நாட்டில் இருந்தால் என்ன?

நிற்க. வாதம் எதைப் பற்றி என்று சொல்லவில்லையே!

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கொடிய உலகத்தின் நால்வரும் நம்முடைய கப்பலுக்கு மாறி வந்த மறுகணமே பிடிபட்டுச் சிறையில் அடைபடுகிறார்கள். நம்முடைய நால்வரோ அங்கே நெடுநேரம் கொடியவர்போல நடித்துத் தப்பிவிடுகிறார்கள். நாகரிகம் உள்ளவன் காட்டுமிராண்டியாக நடிப்பது எளிது. காட்டுமிராண்டி நாகரிகம் உள்ளவனாக நடிப்பது கடினம் என்று ஸ்பொக் இதற்கு விளக்கம் சொல்கிறான்.

லண்டன் பிள்ளைக்குப் பிடித்தது வேறோர் இடம். தன் உலகத்துக்குத் திரும்புவதற்குச் சற்று முன்னர், தாடிக்கார ஸ்பொக்கிடம் கேர்க் ஒரு கேள்வி கேட்கிறான்: இந்தச் சாம்ராச்சியம் எவ்வளவு காலம் நிலைக்கும்? ஏறத்தாழ 240 ஆண்டுகளில் கலகம் மூளும் என்று அவன் கணக்குச் சொல்கிறான். அழியப்போவது உறுதியென்றால் அதைத் தாங்கி நிற்பது எப்படி அறிவாகும், நீயே மாற்றலாமே என்று கேர்க் தூண்டுகிறான். யோசிக்கிறேன் என்கிறான் ஸ்பொக். கேர்க் வீடு திரும்புகிறான்.

"ஒரு மனிசன் நினைச்சால் ஓர் உலகத்தையே மாற்றலாம். அதுதான் இந்தக் கதை" என்றான் லண்டன் பிள்ளை. அவன் கண்கள் ஒளிர்ந்தன.

என் மகன் பேசாமல் இருந்தான். ஆசிரியனல்லவா, முதலில் பாடத்தைத்தான் எடுத்தான். 1957இல் ஹியூ எவரெற் என்ற இளம் பௌதிகவியலாளர், அணுவுக்குள் நிகழக்கூடியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கிளையிலே நிகழ்ந்துவிடுகின்றன என்று பொருள்படும் ஒரு கொள்கையை வெளியிட்டார் என்றும், 'பல உலகங்கள்' என்ற பெயர் பிற்பாடு அதற்கு வழங்கலாயிற்று என்றும் விளக்கினான்.

"இது எங்களுக்குப் புதிதில்லை" என்று நான் குறுக்கிட்டேன். வீரை ஆளவந்தாரின் ஞானவாசிட்டம் சொல்லும் இலீலையின் கதையை எடுத்துரைத்தேன். இறந்துபோன கணவனைத் தேடிச் செல்லும் அரசி, அவன் வேறோர் உலகத்திலே வேறோர் அரசனாக வாழ்வதைக் காண்கிறாள். அந்த உலகங்களெல்லாம் ஓர் அந்தணனின் சிறிய வீட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தன என்றும் பின்னர் அறிகிறாள்.

அம்மான் தலையை ஆட்டினார். "வேறை உலகம் எண்டு ஏன் அவ்வளவு தூரம் போறியள்? ஒரே கப்பலுக்கு ரண்டு பேர் இருந்தது எங்கடை ஊரிலை" என்றார். அவர் சொன்னது அன்னபூரணியை. இவ்வூரிலே கட்டப்பட்ட அந்தப் பாய்க்கப்பலை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். அன்னபூரணி 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' ஆனாள். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவரும் அதிலே சென்றார்கள். 1938 ஆகஸ்டில் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அது அடைந்தது.

இவ்வளவு நேரமும் பொறுத்திருந்த என் மகன் அப்பொழுதுதான் வாயைத் திறந்தான்.

"தம்பி, மிச்சக் கதையைச் சொல்லு. 1994இலை வந்ததைச் சொல்லு."

லண்டன் பிள்ளை சற்றுத் தயங்கினான். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தொடரில், இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, வேறு சிலர் அந்தக் கொடிய பிரபஞ்சத்துக்குள் போகிறார்கள். அங்கே அவர்கள் அறிவது என்ன? கேர்க்கின் சொல்லை ஸ்பொக் காப்பாற்றியிருக்கிறான். தலைமைக்கு வந்து, சீர்திருத்தம் செய்து, ஆயுதங்களைக் குறைத்திருக்கிறான். படைபலம் குன்றிய வேளை பார்த்துப் பகைவர் இருவர் கூட்டுச் சேர்ந்து வந்து சாம்ராச்சியத்தைப் பிடித்துவிட்டார்கள். மனிதர்கள் அடிமைகள் ஆனார்கள்.

"கேர்க் அங்கை நிண்டது சில மணித்தியாலம். ஒரு புத்திமதி சொன்னான். வீட்டுக்குப் போனான். அவனுக்கு வீடு இருந்தது. தாடிக்காரனுக்கு அந்த இடத்தை விட்டால் வேறை போக்கிடமில்லை. சொன்னவனுக்கு ஒண்டுமில்லை, தம்பி, கேட்டவன்தான் விலை குடுத்தவன்" என்றான் என் மகன்.

அவன் குரலில் கோபம் இல்லை. ஆயினும் விறாந்தையிலே எவரும் பேசவில்லை. கேர்க்கைப் பற்றிய பேச்சு கேர்க்கோடு நிற்கவில்லை என்பது எல்லாருக்கும் விளங்கியது.

இந்த ஊரின் வரலாற்றை நான் விரிக்க வேண்டியதில்லை. 1983க்குப் பின் இளைஞர் பலர் கடல் கடந்த ஊர் இது. 1987இல் போர்முனையாகியது. அமைதியின் பெயரைத் தாங்கி வந்த படையினரால் 1989 ஆகஸ்டில் அறுபதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்ததும் இங்கேதான். பெயர் ஒன்றாகவும் செயல் வேறாகவும் இருக்கும் உலகத்தை அறிய எங்களுக்குத் தொலைக்காட்சி தேவைப்படவில்லை. அந்த ஆண்டுகளிலெல்லாம், அப்பால் உள்ளவர்களிடமிருந்து பணம் வந்தது, அன்பு வந்தது, கூடவே யோசனைகளும் வந்தன. இப்படிச் செய்யுங்கள், அப்படி நில்லுங்கள் என்று. அவை நல்ல மனத்தோடு வந்தவையே. ஆனால் அவற்றின் கணக்கு இங்கேதான் தீர்க்கப்பட்டது.

லண்டன் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. அதைக் கண்டு எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக நான் எவரிடமும் விரிவாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

1986இல் எங்கள் வீட்டிலே ஒருவரை அனுப்புவதற்குத்தான் காசு இருந்தது. அம்மாவின் காப்பும் ஒரு துண்டுக் காணியும் அதற்காகப் போயின. போக வேண்டியவன் மூத்தவனாகிய நான். பயணத்துக்கு எட்டு நாள் இருக்கையில் எனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. நாள் தப்பினால் கொடுத்த காசும் தப்பும். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி போனான். அதற்குள் மடித்து வைத்திருந்த சட்டைகளும் என்னுடையவை.

"அப்ப, காய்ச்சல் வராட்டி..." என்று லண்டன் பிள்ளை மெல்ல இழுத்தான்.

"உன் அண்ணன் அங்கே பிறந்திருப்பான். நீ இந்த விறாந்தையிலே இருந்து, வந்த கேர்க்குக்கு அவன் சொன்ன மறுமொழியைச் சொல்லியிருப்பாய்" என்றேன்.

இரு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவேன்! கண்ணாடியைப் பார்ப்பவன் தன்னைத்தான் பார்க்கிறான். ஆனால் கண்ணாடியில் உள்ளவனும் இப்படி நம்மைப் பார்க்கத் தொடங்கினால்?

"அப்பா இதை எனக்குச் சொல்லேல்லை" என்றான் லண்டன் பிள்ளை. சிறிது நேரம் கழித்துக் கேட்டான்: "பெரியப்பா, அப்படியெண்டால் கேர்க் வாயைத் திறக்காமல் போயிருக்க வேணுமோ?"

நான் மறுமொழி தேடிக்கொண்டிருந்தேன். அம்மான் முந்திக்கொண்டார்.

"சொல்லத்தான் வேணும் தம்பி. அநியாயத்தைக் கண்டும் பேசாமல் போறவன் மனிசனில்லை. ஆனால் சொன்னவன் திரும்பி வந்து பார்க்க வேணும். அவன்ரை பிழை பேசினது இல்லை, வராமல் விட்டது. அன்னபூரணியிலை அமெரிக்கா போன ஐஞ்சு பேரும் திரும்பி வந்தவை. வந்து கண்டதைச் சொன்னவை. அதாலைதான் அந்தப் பயணம் இந்த ஊரின்ரை பயணமாச்சு. இல்லாட்டி ஆரோ ஒரு வெள்ளைக்காரன்ரை கப்பல்."

இரசிகர் மாநாடுகளில் இந்தக் கேள்விக்கு எத்தனையோ விடைகள் சொல்லியிருப்பார்கள். அம்மான் சொன்னதைவிட மேலானதை அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. மாற்றுலகம் என்பது விண்புயல் வீசினால்தான் திறக்கும் கதவன்று. ஒரு காய்ச்சல் போதும்; ஒரு பயணச்சீட்டுப் போதும். அப்பால் போனவன் இப்பால் உள்ளவனுக்கு யோசனை சொல்வதற்கு முன், தான் அவனாகவே இருந்திருக்கக்கூடும் என்பதை ஒருகணம் எண்ண வேண்டும். இப்பால் நின்றவனும், போனவனைக் குறைசொல்லுமுன் அவ்வாறே எண்ண வேண்டும். என் மகனுக்கும் இதைச் சொன்னேன். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான்.

அன்றிரவு லண்டன் பிள்ளை முற்றத்திலே உலாவியபடி, தகப்பனோடு தொலைபேசியில் நெடுநேரம் பேசினான். எனக்குக் காதிலே விழுந்தது 'நெருப்புக்காய்ச்சல்' என்ற ஒரு சொல் மாத்திரமே. அந்தச் சொல்லை அவன் தடுமாறாமல் உச்சரித்தான்.

தம்பி போன நாள்முதல் இந்த ஊருக்கு வந்ததில்லை. வேலை, பிள்ளைகள், உடல்நலம் என்று ஒவ்வோராண்டும் ஒரு காரணம் இருந்தது. காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது பிள்ளை சொன்னான்:

"பெரியப்பா, வாற சித்திரைக்கு அப்பாவும் வாறாராம். உங்கடை பெட்டி இன்னும் தன்னட்டை இருக்காம்."