குழந்தைகள் வரையும் சமாதானம்

"போர்னா என்னம்மா?" என்று குழந்தை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

1937-ல் ஸ்பெயினின் குவெர்னிகா நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. அந்தக் கொடுமையை பிகாஸோ பிரம்மாண்ட ஓவியமாகத் தீட்டினார். 1995-ல் ஜப்பானில் தொடங்கியது 'கிட்ஸ் குவெர்னிகா'. கிட்டத்தட்ட அதே அளவு துணியில் (3.5 மீட்டர் உயரம், 7.8 மீட்டர் நீளம்) பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து சமாதானத்தை வரைந்தார்கள்.

இவ்வளவு பெரிய துணியை ஒரே ஆளா நிரப்ப முடியுமா? பேசணும், விட்டுக் கொடுக்கணும், சண்டை வந்தால் ராசியாகணும். பாடமே அதுதான்! வாயால் சொல்லத் தெரியாத பயமும் சில சமயம் வண்ணத்தில் வெளியே வரும்.

வீட்டிலும் செய்யலாம். பழைய வேட்டியை விரித்து, அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூப்பிடுங்கள். "வானம் ஏன் பச்சையா இருக்கு?" என்று திருத்தாதீர்கள். "இதுல என்ன நடக்குது?" என்று கேளுங்கள். பயமும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் டாக்டரிடம் பேசுங்கள்.