கறுத்த கல்லெல்லாம் கனத்த கல்லா?

காலடிப் பாறை – 9

காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு வயிற்றைப் புரட்டும் பாதை. கல் பார்க்கிறவர்களுக்கோ கொல்லிமலையில் இதைவிட வசதியான இடம் கிடையாது. மலையை வெட்டிப் போட்ட சாலை என்பதால் பாறையின் உள்முகம் பல வளைவுகளில் வெளியே தெரியும். வெயிலும் மழையும் பட்ட மேற்புறம் வெளிறிய பழுப்பு. கீழே உடைந்து கிடக்கும் துண்டை எடுத்துத் திருப்பினால் நீலமும் பச்சையும் கலந்த கருமை, எண்ணெய் தடவி வைத்ததுபோல் ஒரு மினுமினுப்பு. இரண்டும் ஒரே கல்தான். பெயர் சார்னோகைட்.

பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் நினைவுக்கல் இருக்கிறது. அந்தக் கல்லும் சென்னைப் பல்லாவரத்துக் கல்லும் ஒன்றே என்று கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அதற்குச் சார்னாக்கின் பெயரை வைத்தார். எங்கோ இறந்த கம்பெனிக்காரர் பெயரில் நம் மலை அறியப்படுவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பல்லாவரம், திரிசூலம் குவாரிகளில் இதையே உடைத்து ‘புளூ மெட்டல்’ ஜல்லி என்று விற்றார்கள். என்னைக் கேட்டால் அதுவே பொருத்தமான பெயர்.

இனி நிறத்துக்கும் கனத்துக்கும் வருவோம். குழம்பு ஆறி இறுகிய பாறைகளில் பொதுவிதி எளிது. சிலிக்கா மிகுந்த குழம்பிலிருந்து குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் நிறைய விளையும். இரண்டும் வெளிர் நிறம். ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.6, 2.7 கிராம் அளவுக்குத்தான் எடை. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த குழம்பிலிருந்து பைராக்சீன், ஆலிவின் போன்றவை வரும். அவை 3-ஐத் தாண்டும். இதில் இரும்புக்கு இரட்டை வேலை. அதன் அணு கனமானது. ஒளியையும் அதுவே விழுங்குகிறது. அதனால்தான் வெளிர் கிரானைட் சுமார் 2.65 என்றால், கடைகளில் ‘கருப்பு கிரானைட்’ என்று விற்கும் கல் 3-ஐ ஒட்டி நிற்கிறது. அது பெரும்பாலும் கிரானைட்டே அல்ல. டோலரைட் அல்லது கேப்ரோ.

கொல்லிமலைக் கல்லிடம் இந்த விதி தடுமாறுகிறது. சார்னோகைட்டில் ஒரு வகையை நுண்ணோக்கியில் பார்த்தால் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும்தான் பெரும்பங்கு, ஏறக்குறைய கிரானைட்டின் சேர்க்கை. ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் கொஞ்சம் உண்டு, ஆனால் கல் முழுவதையும் கறுப்பாக்க அது போதாது. கறுப்பு வருவது ஃபெல்ஸ்பாரிலிருந்து. வெளுப்பாக இருக்கவேண்டிய அந்தக் கனிமத்தின் மயிரிழை வெடிப்புகளில் பச்சை நிறக் கனிமத் துணுக்குகள் புகுந்து மொத்தத்தையும் இருட்டாக்கிவிடுகின்றன. மழையும் காற்றும் முதலில் சிதைப்பது இந்தத் துணுக்குகளைத்தான். மேற்புறம் வெளிறுவதும் அதனால்தான்.

சந்தேகம் இருந்தால் எடை போட்டுப் பார்க்கலாம். கைத்தராசு ஒன்று, நூல், ஒரு வாளி தண்ணீர் போதும். கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டு எடை பாருங்கள். பிறகு வாளியின் அடியைத் தொடாமல் தண்ணீரில் முழுக்க அமிழ்த்திப் பாருங்கள். 540 கிராம் கல் தண்ணீருக்குள் 340 காட்டினால் குறைந்தது 200. முதல் எடையை அதால் வகுத்தால் 2.7. அதே 540 கிராமுக்கு டோலரைட் துண்டைக் கட்டினால் 180-தான் குறையும், அடர்த்தி 3. இரண்டும் கண்ணுக்குக் கறுப்புதான். எல்லாச் சார்னோகைட்டும் இப்படி ஏமாற்றாது என்பதையும் சொல்ல வேண்டும். பைராக்சீன் மலிந்த வகையும் உண்டு. அது பார்வைக்கேற்ற கனத்தோடு இருக்கும்.

ஹாலண்ட் சார்னோகைட்டைக் குழம்பிலிருந்து நேராக உறைந்த பாறை என்றே கருதினார். தமிழ்நாட்டில் இதன் பெரும்பகுதி, பூமியின் ஆழத்தில் நீர் குறைந்த கடும் வெப்பத்தில் உருமாறியது என்பது இன்றைய கருத்து. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சமாச்சாரம் இது. கனிமச் சேர்க்கை பற்றிய கணக்கு இதனால் மாறாது.

நேர் எதிரான ஏமாற்றும் உண்டு. சேலம் சுண்ணாம்புக்கரடு மாக்னசைட் சுரங்கங்களில் கிடைக்கும் டியூனைட் கறுப்பல்ல, பச்சை. ஆனால் ஏறக்குறைய முழுவதும் ஆலிவின் என்பதால், சிதையாத டியூனைட் 3.3 வரை போகும்.

கொல்லிமலை இருக்கும் மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு விநோதம் இருக்கிறது. நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்தசைட்டில் கிரானைட்டைவிடச் சிலிக்கா வெகு குறைவு. பாடப்புத்தக விதிப்படி அது கறுத்திருக்க வேண்டும். வெள்ளையாக இருக்கிறது. சிலிக்கா குறைந்த இடத்தில் இரும்பு வராமல் கால்சியமும் அலுமினியமும் வந்து உட்கார்ந்ததே காரணம். அதில் பெரும்பங்கு வகிக்கும் கால்சியம் ஃபெல்ஸ்பாரின் அடர்த்தி 2.76-ஐத் தாண்டுவதில்லை.

நிலாவின் வெளிர்ந்த மேட்டுநிலங்களும் இதே வகைப் பாறை. ஆதியில் நிலாவின் மேற்பகுதி உருகிய குழம்பாகக் கிடந்தபோது, கனத்த ஆலிவினும் பைராக்சீனும் அடியில் இறங்க, இலேசான ஃபெல்ஸ்பார் மேலே மிதந்து ஓடாயிற்று என்பது விளக்கம். அப்போலோ 11 கொண்டுவந்த மண்ணில் இருந்த வெள்ளைத் துணுக்குகளை வைத்து 1970-இல் ஜான் வுட் குழுவினரும் வேறு சிலரும் இதைச் சொன்னார்கள். இரும்பு மிகுந்த பசால்ட் பிறகு வழிந்து பள்ளங்களை நிரப்பியது. நிலாவில் நாம் பார்க்கும் கரும்புள்ளிகள் அவை.

சந்திரயான்-2 ரோவரை ஓட்டிப் பார்க்க நிலா மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையை எடுத்துப் பொடித்துக்கொண்டது. 2023 ஆகஸ்டில் நிலாவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3-இன் பிரக்யான் ரோவர் மண்ணை அளந்தது. மறு ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியான அந்த அளவீடுகளும் இரும்பு கலந்த அனார்தசைட்டையே காட்டின.

கொல்லிமலையின் உச்சியில் அலுமினியத் தாதுவான பாக்சைட் இருக்கிறது. இதே சார்னோகைட்டிலிருந்து அது எப்படி உண்டானது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.