மங்கோலியாவில் பயணத் திட்டமிடல்

மங்கோலியா, உருசியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அமைந்த, கடற்கரை இல்லாத நாடு. இதன் பரப்பு ஏறத்தாழ 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மக்கள்தொகை சுமார் 35 லட்சம் மட்டுமே. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தலைநகர் உலான் பத்தூரில் வாழ்கின்றனர். தெற்கே கோபி பாலைவனமும் மேற்கே அல்த்தாய் மலைத்தொடரும் உள்ளன. ஊர்களுக்கு இடையே ஆளற்ற நிலமே மிகுதி என்பதால், இங்குப் பயணத் திட்டம் உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடையது.

பருவம்

சூன் முதல் செப்டம்பர் வரை பயணத்துக்கு ஏற்ற காலம். குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 பாகைக்கும் கூடுதலாக இறங்கும். இளவேனிலில் புழுதிப்புயல் வீசும். கோடையிலும் இரவில் குளிரும். கம்பளி உடை கட்டாயம் தேவை. சூலை 11 முதல் 13 வரை நாதம் விழா நடைபெறுவதால், அப்போது தங்குமிடமும் வண்டியும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட வேண்டும்.

தொலைவும் நேரமும்

புதியவர்கள் பெரும்பாலும் தவறு செய்வது இங்கேதான். தலைநகரிலிருந்து கோபியின் வாயிலான தலன்சாத்கத் நகருக்குச் சுமார் 550 கிலோமீட்டர். தார்ச்சாலை உண்டு, ஒரே நாளில் சென்றுவிடலாம். அங்கிருந்து கொங்கோரின் எல்ஸ் மணற்குன்றுகளுக்குச் சுமார் 180 கிலோமீட்டர்தான். ஆனால் பெரும்பகுதி மண் தடம். மணிக்கு 35 கிலோமீட்டர் எனக் கொண்டால் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகும். எனவே வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்க்காமல் மணிக்கணக்கைப் பார்த்தே திட்டமிட வேண்டும்.

வழித்தடம்

ஒரு வாரம் மட்டுமே இருந்தால் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கோபியில் யோலின் ஆம் பள்ளத்தாக்கு, 1923-இல் தொன்மாக்களின் முட்டைகள் கண்டெடுக்கப்பட்ட பயன்சாக் செம்பாறைகள், மணற்குன்றுகள் ஆகியவற்றைக் காணலாம். அல்த்தாய்க்குச் செல்ல விரும்புவோர் மேற்கு நகரான ஒல்கீக்கு விமானத்தில் செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும். நாட்டின் மிக உயர்ந்த குயித்தன் சிகரம் (4,374 மீட்டர்) அமைந்த பகுதி எல்லையை ஒட்டியது. அங்குச் செல்ல எல்லை அனுமதிச் சீட்டு வேண்டும். மழையால் ஆறு பெருகினால் வண்டி கடக்க முடியாது. ஆகவே திட்டத்தில் ஒரு நாளையாவது வெறுமையாக விட வேண்டும்.

ஏற்பாடுகள்

• தடம் அறிந்த உள்ளூர் ஓட்டுநரை அமர்த்துதல். பல இடங்களில் வழிகாட்டிப் பலகை இல்லை.
• ஒவ்வோர் ஊரிலும் எரிபொருளையும் குடிநீரையும் நிரப்பிக்கொள்ளுதல். மாற்றுச் சக்கரம் இரண்டு வைத்திருத்தல்.
• கைப்பேசித் தொடர்பு கிடைக்காத இடங்கள் பல என்பதால், பயண நிரலை ஒருவரிடம் கொடுத்துச் செல்லுதல்.
• சைவ உணவினர் அரிசி, பருப்பு கொண்டு செல்லுதல். நாட்டுப்புறத்தில் இறைச்சியும் பாற்பொருள்களுமே முதன்மை உணவு.

மேய்ப்பர் கூடாரங்களில்

மேய்ப்பர்களின் வட்டக் கூடாரம் 'கெர்' எனப்படும். உள்ளே நுழையும்போது வாயிற்படியை மிதிக்கக் கூடாது. தரும் உப்பிட்ட பால் தேநீரை வலக்கையால் பெற்றுச் சிறிதேனும் பருக வேண்டும். கால்நடைகள் நம்பியிருக்கும் கிணற்றருகே துணி துவைக்கவோ குளிக்கவோ கூடாது. வண்டி பழுதாகி நிற்கும் பயணிக்கு முதலில் உதவிக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த மேய்ப்பர்களே.