போகிக் காப்பு... பூவைப் பறிங்க, வேரை விட்டுடுங்க!

மார்கழி கடைசி வாரம். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்துச் சந்தைகளில் கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் நடுவே வெள்ளை, மஞ்சள், பச்சை என்று ஒரு குவியல் வந்து இறங்கும். வெள்ளை, பூளைப்பூ. மஞ்சள், ஆவாரம்பூ. பச்சை, வேப்பிலை. மூன்றையும் ஒரு கைப்பிடி சேர்த்துக் கட்டினால் அதுதான் காப்பு.

போகியன்று இதை வீட்டுக் கூரையிலும், வாசல் நிலையிலும், மாட்டுக் கொட்டகையிலும், கிணற்று மேட்டிலும், வயல் மூலையிலும் செருகினால்தான் கொங்குப் பக்கத்தில் பொங்கல் தொடங்கியதாக அர்த்தம். நோய் நொடியும் கெட்டதும் வீட்டை அண்டாது என்பது நம்பிக்கை. இப்போது டிராக்டர், பைக், கார் முகப்பிலும் ஒரு கொத்து தொங்குகிறது.

இதில் எந்தச் செடியும் யாரும் விதைத்து, தண்ணீர் ஊற்றி வளர்த்தது இல்லை. தானாக முளைத்ததைப் பறித்து வந்து செய்யும் அலங்காரம் இது. இந்தப் பூக்களோடு தமிழர்களுக்கு இருக்கும் பழக்கமும் நேற்று வந்ததல்ல. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு வரிசைப்படுத்தும் 99 பூக்களில் பூளையும் ஆவிரையும் இருக்கின்றன.

இட்டேரியில் ஒரு நடை

காப்புக்குப் பூ பறிக்க, போகிக்கு முந்தின நாள் பேரப்பிள்ளைகளோடு இட்டேரிக்குப் போவது பல வீடுகளில் வழக்கமாக இருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே மண் தடம், அதுதான் இட்டேரி. வேலியோரம் முழுக்கப் பூளையும் ஆவாரையும் நிற்கும்.

"அம்மிச்சி, செடி வேரோட வந்துருச்சு" என்று பேரன் தூக்கிக் காட்டினால், "அடுத்த நோம்பிக்கு என்ன கண்ணு பண்ணுவே? ஒடிச்சு எடு, புடுங்காதே" என்று பதில் வரும். பாடம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில்தான் அடுத்த வருடத்துக் காப்பு இருந்தது.

இன்று பல இட்டேரிகள் தார்ச்சாலையாகிவிட்டன. புறம்போக்கும் தரிசும் வீட்டுமனை ஆகின்றன. செடி நிற்கும் இடம் குறையும்போது சந்தைக்கு அவசரமாக மூட்டை கட்டினால், பல செடிகள் வேரோடு வந்துவிடுகின்றன. சந்தையில் வாங்குவது தப்பில்லை. விடியும் முன்பே பறித்துக் கொண்டுவந்து விற்கும் பெண்களுக்கு அது இரண்டு மூன்று நாள் வருமானம். வாங்கும்போது வேர் இல்லாத கட்டாகப் பார்த்து வாங்கினாலே போதும்.

அடையாளம் தெரிந்து பறிக்க

பூளைப்பூவுக்குச் சிறுபீளை, கண்ணுப்பீளை, பொங்கல் பூ என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். முழங்கால் உயரத்துக்குள் வளரும் சிறு செடி. தண்டு நெடுக, இலைக்கு இலை, பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளைக் கதிர்கள் இருக்கும். சித்த மருத்துவத்தில் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் மூலிகை இதுதான்.

ஆவாரை புதர்ச்செடி. மழை இல்லாத காட்டிலும் பொன் மஞ்சளாகப் பூக்கும். மஞ்சள் பூவை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் போல அகன்ற சிறு இலை இருக்கும். காய் தட்டையாக, காய்ந்தால் காகிதம் போல இருக்கும்.

முக்கியமான எச்சரிக்கை: அதே தரிசில் பார்த்தீனியமும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். தொட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். இலை கேரட் இலை போலப் பிளவுபட்டிருந்தால் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

பறிக்கும் முறை

* பனி காய்ந்த பிறகு போங்கள். ஈரத்தோடு பறித்துக் கட்டினால் உள்ளே கறுத்துப்போகும்.

* தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, கத்தரிக்கோலால் வெட்டுங்கள். அடி நின்றால் மறுபடி துளிர்க்கும்.

* ஒரே செடியை மொட்டையடிக்காமல், செடிக்கு இரண்டு மூன்று கிளை மட்டும் எடுங்கள்.

* தனியார் நிலம் என்றால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து அடித்த வயல் வரப்பில் பறிக்க வேண்டாம்.

* புதருக்குள் கைவிடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள். காலில் செருப்பு அவசியம்.

கட்டும் முறை

வேப்பிலைக் கொத்தை அடியில் வையுங்கள். அதன்மேல் பூளைப்பூ, நடுவில் ஆவாரம்பூ. சில வீடுகளில் மாவிலையும் சேர்ப்பார்கள். நனைத்த வாழைநாரால் இரண்டு சுற்று இறுக்கிக் கட்டினால் போதும். பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். ஓட்டுக் கூரை இல்லாத அடுக்குமாடி வீட்டில் பால்கனிக் கம்பியிலோ, கதவு நிலையில் இருக்கும் ஆணியிலோ தலைகீழாகத் தொங்கவிடலாம்.

இரண்டே நாளில் ஆவாரம்பூ வதங்கும். வேப்பிலை சருகாகும். பூளைப்பூ மட்டும் காய்ந்தும் வெள்ளையாகவே நிற்கும். அதனால்தான் காப்பை யாரும் அவிழ்ப்பதில்லை. அடுத்த போகிக்குப் புதியது வரும்வரை கூரையிலேயே இருக்கும்.

கட்டியது போக மிஞ்சும் பூளைக் கதிர்களைக் குப்பையில் போடாதீர்கள். நன்றாக உலர்த்தி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் மிளகைவிடச் சின்னதாகக் கறுப்பு விதைகள் உதிரும். வேலியோரத்திலோ, வீட்டுத் தொட்டியிலோ பிள்ளைகள் கையாலேயே தூவச் சொல்லுங்கள். முளைத்தால், அடுத்த காப்புக்கு வீட்டு வாசலிலேயே பூ இருக்கும்.