உங்கள் படுக்கையருகே நிற்பவர் யார்? பணிபுரிந்துகொண்டே பட்டம் பெறும் செவிலியர்கள்

வார்டில் சில நாட்கள் தங்கியிருக்கும் நோயாளர் பலருக்கு ஒரு குழப்பம் எழுவதுண்டு. திங்கட்கிழமை காலையில் முகங்கழுவ உதவி, படுக்கை விரிப்பை மாற்றி, உணவூட்டிச் சென்ற அதே பெண், வியாழக்கிழமை வேறொரு சீருடையில் வந்து செவிலியர் ஒருவரின் அருகில் நின்று மருந்தின் அளவைக் கணக்கிடுகிறார். இவர் உதவியாளரா, மாணவியா, செவிலியரா? துணைக்கு அமர்ந்திருக்கும் மகளுக்கோ மகனுக்கோ அதைவிடக் கடினமான கேள்வி மனத்தில் தோன்றுகிறது: "இன்னும் கற்றுக்கொண்டிருப்பவரின் கையில் என் தாயை ஒப்படைக்கலாமா?"

இக்கேள்வி நியாயமானது. இதைக் கேட்பதனால் ஊழியர் எவரும் மனம் வருந்த வேண்டியதில்லை. இதற்கான விடையை அறிய, இங்கிலாந்தில் செவிலியர் எவ்வாறு உருவாக்கப்படுகின்றனர் என்பதையும், அப்பயிற்சியில் நோயாளரைக் காக்கும் விதிகள் எவை என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

பயிற்சியின் இரு பாதைகள்

பதிவு பெற்ற செவிலியராக விரும்புபவர்களில் பலர் பல்கலைக்கழகத்தில் முழுநேர மாணவராகச் சேர்ந்து மூன்றாண்டுகள் பயில்கின்றனர். இது பலரும் அறிந்த பாதை. மற்றொன்று, ஆங்கிலத்தில் டிகிரி அப்பிரெண்டிஸ்ஷிப் எனப்படும் பட்டத் தொழிற்பயிற்சி. செவிலியர்க்கான இப்பயிற்சித் திட்டம் இங்கிலாந்தில் 2017-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

இதில் சேர்பவர் முதலில் மருத்துவமனையின் ஊழியர். மாத ஊதியம் பெறுகிறார். விடுப்பு முதலிய உரிமைகளும் அவருக்கு உண்டு. பயிற்சியைப் பொதுவாக நான்காண்டுகளில் முடிக்கிறார். கல்விக் கட்டணத்தை அவர் செலுத்துவதில்லை. ஆண்டுக்கு 30 இலட்சம் பவுண்டுக்கு மேல் ஊதியம் வழங்கும் நிறுவனங்கள் 2017 ஏப்ரல் முதல் தொழிற்பயிற்சி வரியாக ஒரு தொகையைச் செலுத்தி வருகின்றன. அந்நிதியிலிருந்து கட்டணம் ஈடுசெய்யப்படுகிறது. முழுநேர மாணவருக்கு 2025-26 கல்வியாண்டில் கட்டணம் 9,535 பவுண்டு வரை இருந்தது என்பதை நோக்கினால், குடும்பப் பொறுப்புள்ள ஒருவருக்கு இவ்வேறுபாடு எத்தகையது என்பது விளங்கும்.

இரு பாதைகளும் சென்று சேருமிடம் ஒன்றே. அதே பட்டநிலை, அதே தேர்ச்சித் தகுதிகள், அதே பதிவேடு. என்.எம்.சி. எனச் சுருக்கமாக வழங்கும் செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் மன்றம் 2018-இல் வெளியிட்ட தரங்களின்படி, எப்பாதையில் வந்தவராயினும் 4,600 மணிநேரப் பயிற்சியை நிறைவுசெய்ய வேண்டும். அதில் பாதி கோட்பாட்டுக் கல்வி. மறுபாதி நோயாளரிடையே பெறும் செய்முறைப் பயிற்சி. மருந்தளவைக் கணக்கிடும் தேர்வில் நூற்றுக்கு நூறு மதிப்பெண் பெற்றாக வேண்டும், தொண்ணூற்றொன்பது போதாது. ஊதியம் பெற்றுக்கொண்டு படித்தவர் என்பதற்காக எந்தச் சலுகையும் இல்லை.

ஒருவரே இருவராக இருப்பது ஏன்?

தொடக்கத்தில் கூறிய குழப்பத்திற்கு விடை இங்கே உள்ளது. தொழிற்பயிற்சி பெறுபவர் இரு வேறு நிலைகளில் வார்டுக்கு வருகிறார். சில நாட்களில் அவர் சுகாதாரப் பராமரிப்பு உதவியாளர். அன்றைய பணியாளர் எண்ணிக்கையில் அவரும் ஒருவர். நீராட்டுதல், உணவூட்டுதல், இரத்த அழுத்தமும் உடல்வெப்பமும் பார்த்துக் குறித்தல் ஆகியவை அவர் கடமை. வேறு சில நாட்களில் அவர் மாணவச் செவிலியர். அன்று அவர் பணியாளர் எண்ணிக்கையில் சேர்க்கப்படாத கூடுதல் ஆள், கற்பதற்காகவே நிற்கிறார்.

இவ்விரு நிலைகளும் ஒன்றோடொன்று கலவாதிருத்தல் இன்றியமையாதது. உதவியாளராக இருக்கும் நாளில், முந்தைய வாரம் கற்றுத் தேர்ந்த செயலாயினும் அது உதவியாளரின் கடமை வரம்புக்கு அப்பாற்பட்டதாயின் அவர் அதைச் செய்யலாகாது. மாணவராக இருக்கும் நாளில், வார்டில் ஆள் குறைவு என்பதற்காக அவரை வேறு வேலைக்கு இழுத்துவிடலாகாது. சீருடையோ பெயர் அட்டையோ மாறுவதன் காரணம் இதுவே. "நேற்று நன்றாகத்தானே பார்த்துக்கொண்டார், இன்று ஏன் இதைச் செய்ய மறுக்கிறார்?" என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அம்மறுப்பு அலட்சியம் அன்று. உங்களைக் காக்கும் எல்லைக்கோட்டை அவர் மதித்து நடக்கிறார் என்பதன் அடையாளம்.

இந்த எல்லைக்கோடு எளிதில் வரையப்பட்டதன்று. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் நிதியைக் கொண்டு 1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கப்பட்ட பயிற்சிப் பள்ளியில், பயில வந்த பெண்கள் வார்டில் வேலை செய்துகொண்டே கற்றனர். அம்முறை நூறாண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஆனால் காலப்போக்கில் மாணவர்கள் வார்டின் வேலைச்சுமையைத் தாங்கும் கைகளாயினர். கற்பித்தல் பின்னுக்குத் தள்ளப்பட்டது. இக்குறையைக் களைய 'புராஜெக்ட் 2000' என்னும் சீர்திருத்தம் 1980-களின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. செவிலியர் கல்வி உயர்கல்வி நிறுவனங்களுக்கு மாறியது. மாணவர் பணியாளர் எண்ணிக்கையில் சேரமாட்டார் என்ற கொள்கை வேரூன்றியது. 2013 முதல் இங்கிலாந்தில் புதிதாகச் செவிலியர் பயிற்சியில் சேர்பவர் அனைவரும் பட்டப்படிப்பே பயில வேண்டும் என்றாயிற்று.

பட்டத் தொழிற்பயிற்சி, பணியையும் படிப்பையும் மீண்டும் ஒன்றிணைக்கிறது. பழைய முறையின் நன்மை அதில் உண்டு: வார்டின் நடைமுறையையும் நோயாளரின் இயல்பையும் நன்கறிந்தவர்களே செவிலியராக உயர்கின்றனர். பழைய முறையின் ஆபத்தும் அதில் ஒளிந்திருக்கிறது. ஆகவேதான் கற்கும் நேரம் விதிகளால் வேலியிடப்பட்டுள்ளது.

மேற்பார்வை எவ்வாறு நடைபெறுகிறது?

மாணவராக நிற்கும் நேரத்தில் அவர் தனித்து விடப்படுவதில்லை. நாள்தோறும் வழிகாட்டுபவர் பயிற்சி மேற்பார்வையாளர். மாணவரின் தேர்ச்சியை முடிவுசெய்பவர் பயிற்சி மதிப்பீட்டாளர். இவர் பதிவு பெற்ற செவிலியர். ஒரே மாணவருக்கு ஒரே காலத்தில் ஒருவரே இவ்விரு பொறுப்புகளையும் வகிக்கலாகாது. அன்றாடம் உடனிருந்து பழகியவரின் பரிவு, மதிப்பீட்டைச் சாய்த்துவிடக் கூடாது என்பது இதன் நோக்கம். பல்கலைக்கழகத்தின் சார்பில் கல்வி மதிப்பீட்டாளர் ஒருவரும் உள்ளார்.

மேற்பார்வையின் நெருக்கம், மாணவரின் ஆண்டையும் செய்யும் செயலையும் பொறுத்தது. முதலாண்டு மாணவருடன் ஒருவர் பெரும்பாலும் அருகிலேயே இருப்பார். இறுதியாண்டில் இருப்பவர் சில நோயாளரின் பராமரிப்பைத் தாமே திட்டமிட்டு நடத்துவார். மேற்பார்வையாளர் சற்றுத் தொலைவில் நின்று கவனிப்பார். மருந்து கொடுப்பதில் மட்டும் எவ்வாண்டு மாணவராயினும் பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வை கட்டாயம். உங்களுக்கு அளிக்கப்படும் பராமரிப்பின் பொறுப்பு, அதை மாணவரிடம் ஒப்படைத்த செவிலியரை விட்டு நீங்குவதில்லை.

உங்கள் இசைவும் உங்கள் மறுப்பும்

மாணவர் உங்கள் பராமரிப்பில் பங்கேற்பதற்கு உங்கள் இசைவு வேண்டும். அளித்த இசைவை இடையில் திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. என்.எம்.சி.யின் தரங்களே இதனை வலியுறுத்துகின்றன. ஊசி போடுவதற்கு மாணவர் வரலாம், ஆனால் நீராட்டும்போது வேண்டாம் என்று கூறலாம். இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம் என்றும் கூறலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மறுத்ததனால் உங்கள் சிகிச்சையின் தரம் குறையாது.

நம் முதியோரிடம் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளை அங்கியோ சீருடையோ அணிந்து வந்தவரிடம் "வேண்டாம்" என்று சொல்வது மரியாதைக் குறைவு என எண்ணித் தலையசைத்துவிடுவர். பிறகு பிள்ளைகளிடம் மனக்குறையைக் கூறுவர். பராமரிப்பாளர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். தலையசைப்பு எப்போதும் இசைவாகாது. அச்சமோ கூச்சமோ இருப்பின் பொறுப்புச் செவிலியரிடம் அப்போதே தெரிவியுங்கள்.

வருபவர் யார் என்று கேட்பதும் உங்கள் உரிமையே. கேட் கிரேஞ்சர் என்னும் மருத்துவர், தாமே புற்றுநோயால் மருத்துவமனையில் கிடந்தபோது, தம்மிடம் வந்த ஊழியர் பலர் தம் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கண்டு வருந்தினார். பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுமாறு ஊழியர்களை வேண்டும் இயக்கத்தை 2013-இல் அவர் தொடங்கினார். 2016-இல் அவர் மறைந்த பின்னும் அது தொடர்கிறது. மாணவர் தம் பெயரையும், தாம் மாணவர் என்பதையும் சொல்லியே பேசத் தொடங்க வேண்டும். சொல்ல மறந்தால் தயங்காமல் கேளுங்கள்: "இன்று நீங்கள் உதவியாளராக வந்திருக்கிறீர்களா, மாணவராகவா?"

தமிழ் பேசும் பயிலுநர் ஒருவர் வார்டில் இருந்தால் நோயாளருக்குப் பெரும் ஆறுதல். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, குளிர்கிறது என்பனவற்றை அவரிடம் தாய்மொழியில் கூறலாம். ஆனால் அறுவைச் சிகிச்சைக்கான இசைவு, நோயின் நிலை பற்றிய உரையாடல் போன்றவற்றுக்கு அவரையோ குடும்பத்தினரையோ மொழிபெயர்ப்பாளராக்குதல் முறையன்று. அதற்கெனத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை என்.எச்.எஸ். கட்டணமின்றி ஏற்பாடு செய்யும். கேளுங்கள்.

உங்கள் சொல் பயிற்சியின் ஒரு பகுதி

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் செய்முறைப் பயிற்சிப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் நோயாளரும் பராமரிப்பாளரும் தம் கருத்தைத் தெரிவிக்கவும் இடம் உள்ளது. அங்கே நோயாளரிடம் மருத்துவ நுணுக்கம் எதுவும் கேட்கப்படுவதில்லை. மாணவர் உங்களை எவ்வாறு பார்த்துக்கொண்டார், நீங்கள் சொன்னதைக் கவனித்துக் கேட்டாரா, மதிப்புடன் நடத்தினாரா என்பன போன்ற எளிய கேள்விகளே. உங்கள் கருத்தை நேரடியாக மாணவர் வந்து கேட்பதில்லை. மேற்பார்வையாளரோ மதிப்பீட்டாளரோ உங்கள் இசைவுடன் கேட்பார். விருப்பமில்லையெனில் மறுக்கலாம்.

ஆங்கிலம் சரளமாக வராது என்பதற்காக நம்மவர் பலர் இதனைத் தவிர்த்துவிடுகின்றனர். அது இழப்பே. எழுத வேண்டியதில்லை, வாய்மொழியாகக் கூறினாலும் குறித்துக்கொள்வர். "நல்ல பிள்ளை" என்று மட்டும் சொல்லி அனுப்புவதைவிட, "என் காலைத் தூக்குமுன் சொல்லிவிட்டுத் தூக்கினார், வலி தெரியவில்லை" என்றோ, "என்னிடம் பேசாமல் என் மகனிடமே பேசினார்" என்றோ கூறினால் மாணவருக்கு அதில் கற்க ஏதேனும் இருக்கும். இரண்டாவது கருத்தைக் கேட்டவர், அடுத்த வார்டில் வேறொரு முதியவரிடம் குனிந்து, அவர் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடும்.

கவலைக்குரியது எதையேனும் கண்டால், அது மாணவர் பற்றியதாயினும் மற்றவர் பற்றியதாயினும், பதிவேட்டுக் கருத்து வரும்வரை காத்திராதீர்கள். பொறுப்புச் செவிலியரிடமோ, 'பால்ஸ்' எனப்படும் நோயாளர் ஆலோசனைச் சேவையிடமோ உடனே கூறுங்கள்.

இப்பாதை உங்களுக்கும் உரியதாகலாம்

ஆண்டுக்கணக்கில் தாயையோ துணைவரையோ வீட்டில் பராமரித்தவர்கள், "இதையே தொழிலாகக் கற்றிருக்கலாமே" என்று சில வேளை எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் வீணானதன்று. பட்டத் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிப்பது மருத்துவமனையிடமே; வேலை கிடைத்த பின்னரே பல்கலைக்கழக இடம் உறுதியாகும். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.இ. அல்லது அதற்கு இணையான தகுதி எதிர்பார்க்கப்படும். இந்நாட்டில் பொதுவாக மூன்றாண்டுகளேனும் வசித்திருக்க வேண்டும். பணிபுரியும் உரிமையும் வேண்டும்.

பலர் முதலில் உதவியாளராகச் சேர்கின்றனர். சிலர் இரண்டாண்டுப் பயிற்சியில் செவிலிய இணைப்பணியாளராகின்றனர். இங்கிலாந்தில் இப்பணி 2019 சனவரி முதல் என்.எம்.சி.யின் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளது. அப்பயிற்சி கணக்கில் கொள்ளப்படுவதால், பின்னர் செவிலியர் பட்டத்தைக் குறைந்த காலத்தில் முடிக்க இயலும். தமிழகத்திலோ இலங்கையிலோ ஏற்கெனவே செவிலியராகத் தகுதி பெற்றவர் இப்பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அவர்களுக்கு மொழித் தகுதியும் திறனறி தேர்வும் கொண்ட தனிப் பதிவு வழி உண்டு.

இப்பாதை எளிதன்று என்பதையும் கூறியாக வேண்டும். இரவுப் பணி, மறுநாள் வகுப்பு, இடையே பிள்ளைகள், கட்டுரைகள் என நான்காண்டுகள் நீளும். வீட்டாரின் துணையின்றி முடித்தவர் சிலரே இருப்பர். சேர்வதற்கு முன் வீட்டில் அமர்ந்து பேசுங்கள். வார்டில் பயிலும் ஒருவரிடம் அவருடைய வாரம் எவ்வாறு கழிகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஓய்வு நேரமாயின் மகிழ்ந்து சொல்வார்.