காற்றை எந்தத் தராசில் எடை போடுறாங்க?

நம்ம கூட்டங்கள்ல இந்தக் கேள்வி அடிக்கடி வரும்: "காத்துல கரியமில வாயு கூடிப்போச்சுங்கிறீங்களே, அதை யாருய்யா அளந்தது? எந்தத் தராசுல?" மண்டியில் எடையில் ஏமாந்தவர்களுக்கு இது முதலில் தோன்றும். நியாயமான கேள்விதான்.

அளவு எவ்வளவு சின்னது என்று பாருங்கள். பத்து லட்சம் நெல்மணி, ரகத்தைப் பொறுத்து சுமார் 20 கிலோ வரும். அதில் 424 மணி மட்டும் வேற ரகம் கலந்திருக்குன்னு வைங்க. 2024ல் காற்றில் கரியமில வாயு அவ்வளவுதான். 1958ல் 315 வாக்கில் இருந்தது. வருசத்துக்குக் கூடுவது இரண்டு, மூன்று மணி. எண்ணும்போது ஒரு மணி தப்பினாலே கணக்கு கெட்டுடும். அதனால் வடக்கு அரைக்கோளத்தில் ஒரு ஆய்வகத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் பத்தில் ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது என்பது உலக வானிலை அமைப்பு வைத்திருக்கும் இலக்கு.

இந்தக் கணக்கை 1958 மார்ச்சில் தொடங்கியவர் சார்லஸ் டேவிட் கீலிங். இடம், ஹவாய் தீவில் மவுனா லோவா எரிமலை, சுமார் 3,400 மீட்டர் உயரம். ஊரும் ரோடும் பக்கத்தில் இருந்தால் அதன் புகைதான் கருவியில் ஏறும். அதனால்தான் நடுக்கடலில், செடிகூட முளைக்காத பாறையைத் தேடிப் போனார்கள்.

காற்றைக் குழாயில் இழுத்து, முதலில் உறைய வைத்து ஈரத்தை எடுக்கிறார்கள். ஈரத்தோடு நெல்லை எடை போட்டா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். பிறகு அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, வாயு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்த்தார்கள். இப்போது லேசர் கருவி. ஆனால் எந்தக் கருவியும் வெயிலுக்கும் குளிருக்கும் நகரும். அதனால் அளவு தெரிந்த காற்று அடைத்த உருளைகளை அடிக்கடி கருவிக்குக் கொடுத்து, சரியாகச் சொல்லுதான்னு சோதிப்பார்கள். முத்திரை போட்ட எடைக்கல் மாதிரி. அந்த உருளையையும் மேலே ஒரு தாய் உருளையோடு ஒப்பிடுவார்கள். என்னைக் கேட்டால், முழு வேலையின் உயிர் இந்த உருளைகளில்தான் இருக்கிறது.

எரிமலையே வாயு விடுமே? விடும். இரவில் மலையிலிருந்து இறங்கும் காற்றில் அது வரும், அளவு தாறுமாறாகக் குதிக்கும். மதியம் கீழிருந்து ஏறும் காற்று, செடிகள் உறிஞ்சியதால் குறைத்துக் காட்டும். அப்படிப்பட்ட மணிநேரங்களைக் குறித்து ஒதுக்கிவிட்டு, நிலையாக இருக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுப்பார்கள்.

இன்னொரு முறை கண்ணாடிக் குடுவை. காற்று வரும் திசையைப் பார்த்து நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு நிரப்பணும். நாம் விடும் மூச்சில் கரியமில வாயு 40,000 மணி! லடாக்கின் ஹான்லே, நம்ம புதுச்சேரி, போர்ட் பிளேர் மூன்று இடங்களிலும் இப்படிக் குடுவையில் பிடித்த காற்று பிரான்சுக்குப் போய் அளக்கப்பட்டிருக்கிறது.

கீலிங்குக்கு முதல் வருசமே ஒரு குழப்பம். மே வரை ஏறிய அளவு பிறகு இறங்கியது. அளவு ஒழுங்கில்லாமல் தாறுமாறாகப் போகுமோ என்று பயந்தார். அடுத்த வருசமும் அதே ஏற்ற இறக்கம். வடக்கு அரைக்கோளத்தின் காடும் பயிரும் கோடையில் தழைத்து இழுப்பதும், பிறகு மக்கி விடுவதும்தான் அது.

குடுவைகளில் நைட்ரஸ் ஆக்சைடையும் அளக்கிறார்கள். அது நூறு கோடியில் சுமார் 337 தான், ஆனால் வருசத்துக்கு ஒன்று கூடிக்கொண்டே போகிறது. யூரியாவுக்கு இதில் பெரும் பங்கு. தொழுவுரத்திலும் அது வரும், அளவு மீறிக் கொட்டினால் நமக்கும் பங்குண்டு.

இப்போ கார்பன் கிரெடிட் ஒப்பந்தத்தோடு தோட்டத்துக்கு ஆள் வருகிறார்கள். மலையுச்சிக் கணக்கு உலகத்துக்குத்தான், உங்க ஏக்கர் எவ்வளவு பிடிச்சு வச்சிருக்குன்னு அது சொல்லாது. அதற்கு மண்ணைத்தான் எடுத்துப் பார்க்கணும். எத்தனை அடி ஆழத்தில், எத்தனை இடத்தில் மண் எடுத்தீங்க, எந்த ஆய்வகம், அதை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தாங்க என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.